1, 3, 12, 41: புதிய ஃபார்முலா 1 சீசனின் எண்களும் அணிகளும்

மார்ச் 8-ஆம் தேதி மெல்போர்னில் 2026 ஃபார்முலா 1 சீசன் தொடங்குகிறது. 11 அணிகள், 22 கார்கள். எடை, அகலம், இறக்கை, இன்ஜின், எரிபொருள் என விதிப்புத்தகத்தில் கைவைக்காத பக்கமே இல்லை. இப்படிப்பட்ட ஆண்டில் ஓட்டுநர்களும் அணி விட்டு அணி தாவியிருப்பார்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். நடந்திருப்பது நேர்மாறானது. கடந்த ஆண்டு களத்தில் இருந்த பத்து அணிகளில் எட்டு அணிகள், 2025-ஐ முடித்த அதே இரண்டு பேரையே மீண்டும் இறக்குகின்றன. ரெட் புல்லும் அதன் துணை அணியான ரேசிங் புல்ஸும் மட்டுமே ஆள் மாற்றியிருக்கின்றன. பதினோராவது அணியான காடிலாக் புதிது என்பதால் அந்த இரண்டு இருக்கைகளும் புதியவை.

ஆட்கள் இவ்வளவு குறைவாக மாறியபோதும், காரின் மூக்கில் ஒட்டப்படும் எண்களில் சுவையான மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அணிகளின் நிலைமையைப் புரிந்துகொள்ள எண்களிலிருந்து தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஓர் எண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இந்த விளையாட்டு காலந்தோறும் வெவ்வேறு பதில் சொல்லி வந்திருக்கிறது. பந்தயத்தில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதை அந்தப் பதிலே காட்டிவிடும்.

1973 வரை எண்களுக்கு நிலையான முறை இல்லை. பந்தயத்தை நடத்துபவர்கள் கொடுப்பதை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஓட்டுநர் ஒரே ஆண்டில் பல எண்களில் ஓடியிருக்கிறார். 1974-இல் எண்கள் அணிகளுக்கு நிரந்தரமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. லோட்டஸுக்கு 1, 2. டிரெல்லுக்கு 3, 4. மெக்லாரனுக்கு 5, 6 என்று வரிசை போனது. அதன்பின் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் இடம்: உலகச் சாம்பியன் இருக்கும் அணி 1, 2 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும், அவற்றை இழக்கும் அணி, வென்ற அணியின் பழைய எண்களைப் பெற்றுக்கொள்ளும். டிரெல் அணி 1995 வரை 3, 4 எண்களிலேயே ஓடியது.

ஃபெராரி ரசிகர்கள் உருகிப்போகும் 27-ஆம் எண்ணும் இந்த முறையில் வந்ததுதான். 1980-இல் வில்லியம்ஸ் அணியின் ஆலன் ஜோன்ஸ் 27-ஆம் எண்ணில் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு வில்லியம்ஸுக்கு 1, 2 போயின; அவற்றை இழந்த ஃபெராரிக்கு 27, 28 வந்தன. ஜில் வில்நவ் அந்த 27-ஐ ஓட்டிய விதம், தோல்வியின் அடையாளமாக வந்த எண்ணைக் காவிய எண்ணாக மாற்றிவிட்டது.

அதைவிட அழகான கதை 1988-இல் நடந்தது. ஐர்ட்டன் சென்னா லோட்டஸில் 12-ஆம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தார். 1987 சாம்பியனான நெல்சன் பிக்கே வில்லியம்ஸை விட்டு லோட்டஸுக்கு வந்தபோது 1-ஆம் எண்ணையும் கையோடு கொண்டுவந்தார். அதுவரை 1, 2 எண்களை வைத்திருந்த மெக்லாரனுக்கு லோட்டஸின் 11, 12 கைமாறின. அதே நேரத்தில்தான் சென்னாவும் லோட்டஸிலிருந்து மெக்லாரனுக்குப் போனார். ஓட்டுநர் போன இடத்துக்கே எண்ணும் போய்ச் சேர்ந்தது. அந்த 12-இல்தான் அவர் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றார். இன்று மெர்சிடிஸில் கிமி ஆன்டொனெல்லி 12-ஐத் தேர்ந்தெடுத்திருப்பது அந்த நினைவுக்குச் செலுத்தும் மரியாதை.

1996 முதல் 2013 வரை இன்னொரு முறை இருந்தது. முந்தைய ஆண்டு அணிகளுக்கான தரவரிசையில் பிடித்த இடத்தைப் பொறுத்து எண் கிடைக்கும். நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராக ஜோர்டன் அணியில் இறங்கியபோது அவர் காரில் இருந்த எண் 19. கடைசிக்கு முந்தைய அணி என்பதை எல்லாருக்கும் அறிவிக்கும் எண் அது. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் மிச்செலின் டயர் போட்ட அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து அவர் ஐந்து புள்ளிகள் பெற்றதும் அதே 19-இல்தான். ஆனால் அந்த எண் அவருடையதாக ஆகவில்லை. 2012-இல் ஹெச்ஆர்டி அணியில் அவருக்கு 23 கொடுக்கப்பட்டது. சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் அதே அணியில் 20-இல் ஓடினார். தமிழ்நாட்டிலிருந்து போன இருவரும் அணியின் எண்ணைச் சுமந்தார்கள்; தங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் எண் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

2014-இல் எண் ஓட்டுநரின் சொத்தானது. 2 முதல் 99 வரை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; ஃபார்முலா 1-இல் இருக்கும்வரை அது அவருக்கே. 1-ஆம் எண் நடப்புச் சாம்பியனுக்கு மட்டும், அதுவும் அவர் விரும்பினால். ஜூல்ஸ் பியாங்கி 2015-இல் இறந்த பிறகு அவருடைய 17 யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. ஒருவர் விலகினால் இரண்டு முழு சீசன்கள் அவர் எண் காத்திருக்கும். செபாஸ்டியன் வெட்டல் 2022 முடிவில் ஓய்வுபெற, அவருடைய 5 இரண்டு ஆண்டுகள் சும்மா கிடந்து, 2025-இல் கேப்ரியல் போர்ட்டொலெட்டோவிடம் போனது. கடந்த ஆண்டு வெளியே இருந்த செர்ஜியோ பெரெஸும் வால்டேரி பொட்டாஸும் காடிலாக்கில் திரும்பி வரும்போது 11-உம் 77-உம் அவர்களுக்காகப் பத்திரமாக இருந்தன.

இந்த முறையில் 1-ஆம் எண்ணே பல ஆண்டுகள் காணாமல் போனது. 2015 முதல் 2021 வரை ஏழு சீசன்களில் எந்தப் பந்தயத்திலும் அது ஓடவில்லை. பட்டம் வென்றவர் பெரும்பாலும் லூயிஸ் ஹாமில்டன். அவர் கார்ட்டிங் காலத்திலிருந்து வரும் தன் 44-ஐ விடவில்லை. 2016 சாம்பியன் நிகோ ரோஸ்பெர்க் பட்டத்தோடு ஓய்வை அறிவித்துவிட்டார். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2022-இல் 1-ஐ மறுபடி வெளியே எடுத்து நான்கு ஆண்டுகள் வைத்திருந்தார்.

இப்போது அது லாண்டோ நோரிஸிடம். அபுதாபியில் நடந்த கடைசிப் பந்தயம்வரை இழுத்த 2025 போட்டியில் நோரிஸ் 423 புள்ளிகள், வெர்ஸ்டாப்பன் 421, ஆஸ்கர் பியாஸ்ட்ரி 410. இரண்டே புள்ளிகளில் எண் கைமாறியது. 33-க்குத் திரும்ப வேண்டிய வெர்ஸ்டாப்பன் திரும்பவில்லை. 2015-இல் அவர் வந்தபோது விரும்பிய எண் 3; அது டேனியல் ரிக்கார்டோவிடம் இருந்ததால்தான் 33-ஐ எடுத்தார். ரிக்கார்டோ 2024-இல் விடைபெற்றுவிட்டாலும் அந்த எண்ணுக்கான காத்திருப்புக் காலம் முடியவில்லை; தவிர, ஒருமுறை தேர்ந்த எண்ணை மாற்றக் கூடாது என்ற விதியும் இருந்தது. விதி தளர்த்தப்பட்டது, ரிக்கார்டோவும் சம்மதித்தார். நான்கு முறை உலகச் சாம்பியன் ஒருவருக்கு, பந்தயத்தை ஆளும் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐஏவே வளைந்து கொடுத்திருக்கிறது. ஓட்டுநரின் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 300 கிலோமீட்டர் வேகத்தில் எண்ணைப் படிக்க முடியாது. ஓட்டுநரின் தலைக்கு மேலே, காற்று உள்ளே போகும் துளைக்கு மேல் ஒரு சிறிய கேமராப் பெட்டி இருக்கும். அணியின் ஒரு காரில் அது கறுப்பு, இன்னொன்றில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். ஒரே நிறத்தில் வரும் இரண்டு கார்களைப் பிரித்தறிய அதுவே எளிய வழி.

இனி ஆட்களுக்கு வருவோம். இவ்வளவு பெரிய விதிமாற்றத்தில் ஏன் யாரும் அசையவில்லை? கார் முழுவதும் புதிது என்னும்போது, கணினி மாதிரி சொல்வது உண்மையான தடத்தில் சரியாக இருக்கிறதா என்று சொல்ல ஒரு நம்பகமான அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல், பொறியாளர்கள் நன்கு அறிந்த ஓட்டுநர். அவர் வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது என்றால் எந்த அளவுக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். காரையும் ஆளையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஓட்டுநர்களின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. எந்த இன்ஜின் வெல்லும் என்று ஒருவருக்கும் தெரியாத ஆண்டில் வீடு மாறுவது வீண் வேலை. ஓராண்டு பொறுத்து, வெற்றிபெறும் காரைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டலாம். ஆகவே உண்மையான ஓட்டுநர் சந்தை இந்த ஆண்டின் நடுவில்தான் சூடுபிடிக்கும்.

ரெட் புல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை, இருக்கவும் முடியாது. 2018 முடிவில் ரிக்கார்டோ போனதிலிருந்து வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்து இருக்கை பலரை விழுங்கியிருக்கிறது. பியர் காஸ்லிக்கு 12 பந்தயங்கள். அலெக்ஸ் ஆல்பனுக்கு ஒன்றரை சீசன். பெரெஸ் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, கடைசி ஆண்டில் நொடிந்துபோனார். 2025-இல் லியாம் லாசனுக்கு இரண்டே பந்தயங்கள். பிறகு யூகி சுனோடா. கணக்கைப் பாருங்கள்: அணி எடுத்த 451 புள்ளிகளில் வெர்ஸ்டாப்பன் மட்டும் 421. இரண்டாவது காரின் பங்கு வெறும் 30. மெர்சிடிஸிடம் 18 புள்ளிகளில் இரண்டாம் இடத்தை இழந்தார்கள். பக்கத்து இருக்கையில் சுமாரான ஒருவர் இருந்திருந்தால் அந்த இடம் அவர்களுக்குத்தான். இத்தனை பேரும் திறமையற்றவர்கள் என்று நான் நம்பவில்லை. அங்கிருந்து இறக்கப்பட்ட காஸ்லி 2020-இல் இத்தாலியின் மோன்சாவில் வென்றார். ஆல்பன் இன்று வில்லியம்ஸின் தூண்களில் ஒருவர். முன்பக்கம் மிகக் கூர்மையாகத் திரும்பும், பின்பக்கம் நிலையில்லாத காரை வெர்ஸ்டாப்பனால் ஓட்ட முடிந்தது. அவர் வேகத்தைத் துரத்தியே கார் வளர்ந்தது. மற்றவர்களுக்கு அது எட்டாமல் போனது.

இந்த முறை 6-ஆம் எண்ணுடன் அங்கே போகிறவர் ஐசாக் ஹஜார். கடந்த ஆண்டு மெல்போர்னில், ஈரத் தடத்தில், தன் முதல் பந்தயம் தொடங்கும் முன்பே அணிவகுப்புச் சுற்றில் மோதிக் கண்ணீருடன் திரும்பி நடந்த இளைஞர். ஹாமில்டனின் தந்தை ஆண்டனி அவர் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்ன காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். முந்தையவர்களுக்குக் கிடைக்காத ஓர் அனுகூலம் அவருக்கு உண்டு. 2026 கார் வெர்ஸ்டாப்பனின் பழக்கங்களைச் சுமந்து வரும் கார் அல்ல. இருவரும் அதை ஒரே நாளில் கற்கத் தொடங்குகிறார்கள். அந்த இருக்கையில் உட்கார இதைவிட நல்ல ஆண்டு வராது. மறுபக்கம், ஃபோர்டின் துணையுடன் ரெட் புல் தானே இன்ஜின் செய்யும் முதல் ஆண்டும் இதுதான். இன்ஜின் சொதப்பினால் பழி எப்போதும்போல இரண்டாவது காரின் மேல் விழக் கூடாது என்பதே என் கவலை.

ஹஜார் விட்ட இடத்தில், ரேசிங் புல்ஸில் லாசனுக்குத் துணையாக ஆர்விட் லிண்ட்பிளாட் வருகிறார். எண் 41. 22 பேரில் முற்றிலும் புதியவர் இவர் ஒருவர்தான். 18 வயது, தாய்வழியில் இந்திய வம்சாவளி. அதே தொடக்க வரிசையில் 44 வயது ஃபெர்னாண்டோ அலோன்சோவும் 41 வயது ஹாமில்டனும் நிற்பார்கள். லிண்ட்பிளாட் பிறப்பதற்கு முன்பே அவர்கள் இருவரும் ஃபார்முலா 1 ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

யார் முந்துவார்கள் என்பதை இன்ஜினை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. இதுவரை மின்மோட்டார் 120 கிலோவாட் கொடுத்தது, இனி 350. பெட்ரோல் இன்ஜினின் பங்கு ஏறத்தாழ 550 கிலோவாட்டிலிருந்து 400-க்கு இறங்குகிறது. புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துவந்த பாகம் நீக்கப்பட்டுவிட்டது. ஆக, மூன்று மடங்கு மின்சாரம் செலவழிக்கும் காருக்குச் சேமிக்கும் வழி ஒன்று குறைந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் கிடைப்பதுதான் வரவு. மோன்சா போல நீண்ட நேர்ப்பாதைகளும் குறைந்த வளைவுகளும் உள்ள தடத்தில், நேர்ப்பாதை முடிவதற்குள் பேட்டரி வறண்டுவிடலாம். எங்கே செலவழிப்பது, எங்கே அடக்கி வாசிப்பது என்று ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுநர் முடிவெடுக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நேர்ப்பாதையில் எல்லாருக்கும் திறக்கும். முன்னால் போகிறவரை ஒரு விநாடி இடைவெளிக்குள் நெருங்கினால் கிடைக்கும் சலுகை, இனி கூடுதல் மின்சாரம். கார் ஏறத்தாழ 30 கிலோ குறைந்து 768 கிலோவாகவும், அகலத்தில் 10 சென்டிமீட்டர் சிறுத்தும் வருகிறது. யோசித்து ஓட்டுபவர்களுக்கான கார் இது என்று நினைக்கிறேன்.

இன்ஜின் செய்பவர்கள் ஐந்து பேர். மெர்சிடிஸ் இன்ஜின் எட்டு கார்களில் ஓடும்: சொந்த அணி, மெக்லாரன், வில்லியம்ஸ், இன்ஜின் தயாரிப்பை ரெனோ கைவிட்டதால் இந்தப் பக்கம் வந்த ஆல்பைன். ஃபெராரி இன்ஜின் ஹாஸ், காடிலாக் உட்பட ஆறு கார்களில். ரெட் புல்லுக்கு நான்கு கார்கள். ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினுக்கு மட்டும். ஆடி தனக்கு மட்டும். கார்கள் கூடக் கூடத் தகவலும் கூடும், கோளாறுகள் விரைவில் தெரியவரும்.

நோரிஸும் பியாஸ்ட்ரியும் இருக்கும் மெக்லாரன்தானே முதல் இடத்துக்குத் தகுதியான அணி என்று கேட்கலாம். ஓட்டுநர் ஜோடியில் ஆம். எனக்கும் அதைவிடச் சிறந்த ஜோடி தெரியவில்லை. ஆனால் 2014-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இன்ஜின் மாற்றத்தில் மெர்சிடிஸ் அணி 19 பந்தயங்களில் 16-ஐ வென்றது. அதே இன்ஜினை வாங்கி ஓட்டிய மெக்லாரன், வில்லியம்ஸ், ஃபோர்ஸ் இந்தியா மூன்றும் சேர்ந்து ஒன்றைக்கூட வெல்லவில்லை. இன்ஜினையும் காரையும் ஒரே நிறுவனத்து ஆட்கள் சேர்ந்து வடிவமைப்பது முதல் ஆண்டில் பெரும் பலன் தரும். மெக்லாரன் அந்த இடைவெளியை மூட பத்தாண்டு ஆனது. மேலும் சாம்பியன் அணிக்குக் காற்றுச்சுரங்கச் சோதனை நேரம் மிகக் குறைவு: அடிப்படை அளவில் 70 சதவீதம்தான். பத்தாம் இடத்து ஆல்பைனுக்கு 115 சதவீதம். தரையைத் தொட்டவர் எழுந்து வர வழிசெய்யும் இந்த ஏற்பாடு நியாயமானது. அதன் பலன் இப்படிப்பட்ட ஆண்டில்தான் வெளிப்படும்.

ஆகவே என் கணிப்பில் முன்னால் நிற்பது மெர்சிடிஸ், அதிலும் ஜார்ஜ் ரஸ்ஸல். 63-ஆம் எண்காரர் கடந்த ஆண்டு 319 புள்ளிகள் சேர்த்து, கனடாவிலும் சிங்கப்பூரிலும் வென்றார். சரியான கார் கிடைக்காமலே இத்தனை ஆண்டு காத்திருந்தவர். இன்ஜினின் அழுத்த விகிதம் (உள்ளே போகும் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 18-இலிருந்து 16-ஆகக் குறைக்கப்பட்டதையும், அது குளிர்ந்த நிலையில் மட்டும் அளக்கப்பட்டதையும் மெர்சிடிஸ் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது என்று போட்டியாளர்கள் சீசன் தொடங்கும் முன்பே சந்தேகம் எழுப்பினார்கள். எதிரிகளின் அந்தப் பதற்றமே பாதி சான்று.

ஃபெராரிக்கு இது வாழ்வா சாவா ஆண்டு. கடந்த ஆண்டு ஒரு கிராண்ட் பிரியைக்கூட, அதாவது வார இறுதியின் முக்கியப் பந்தயம் ஒன்றைக்கூட, வெல்லவில்லை. ஹாமில்டன் தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கிராண்ட் பிரியிலும் மேடை ஏறாமல் சீசனை முடித்தார். 2025 காரின் வளர்ச்சியைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு 2026-இல் எல்லாவற்றையும் வைத்தார்கள். வைத்தது வீணானால் சார்ல் லெக்லெர் இனியும் பொறுப்பார் என்று சொல்ல முடியாது. கடைசியாக ஃபெராரி ஓட்டுநர் ஒருவர் உலகப் பட்டம் வென்றது 2007-இல். ஆஸ்டன் மார்ட்டினில் புகழ்பெற்ற கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி வடிவமைப்போடு அணித் தலைமையையும் ஏற்றிருக்கிறார். அவருடைய கை பட்ட கார், கூடவே அலோன்சோ என்பது கனவு போன்ற சேர்க்கை. ஹோண்டா இன்ஜின் இரண்டு கார்களில் மட்டும் ஓடுவது அதன் பலவீனம். அலோன்சோவின் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது. அவருக்காக அந்தக் கார் தொடக்கத்திலேயே நன்றாக அமைய வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.

ஆல்பனும் கார்லோஸ் சைன்ஸும் இருக்கும் வில்லியம்ஸ், கடந்த ஆண்டின் ஐந்தாம் இடத்தைத் தக்கவைத்தால் போதும். சாபரை வாங்கிய ஆடியில் நிகோ ஹுல்கென்பெர்க் 27-உடன் தொடர்கிறார். 239-ஆவது பந்தயத்தில், கடந்த ஆண்டு சில்வர்ஸ்டனில் முதன்முறை மேடையேறிய அந்த மனிதருக்கு ஒரு வெற்றியும் வாய்க்கட்டும். இந்த ஆண்டு வாய்ப்பில்லை. காடிலாக்கைப் பற்றிக் கடுமையாகப் பேசக் கூடாது. 2016-இல் ஹாஸ் வந்த பிறகு இதுவே முதல் புதிய அணி. 16 வெற்றிகளும் 500-க்கு மேற்பட்ட பந்தய அனுபவமும் கொண்ட பெரெஸ், பொட்டாஸ் இருவரை எடுத்தது புத்திசாலித்தனம். புதுக் காரில் எது கெட்டது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த அணிக்கு இப்போது தேவை.

பின்தங்கும் இன்ஜின்களைக் கைதூக்கிவிட இந்த ஆண்டு ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆறு பந்தயங்களுக்கு ஒருமுறை எஃப்ஐஏ இன்ஜின்களின் திறனை ஒப்பிட்டு, முதல் இடத்தைவிட 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பவர்களுக்குக் கூடுதலாக மேம்படுத்த அனுமதி கொடுக்கும். 2014-இல் நடந்தது போல ஓர் அணி பல ஆண்டுகள் தனியாகப் போய்விடாமல் இருக்கத்தான் இது. இருந்தாலும் முதல் ஆறு பந்தயங்களை அலட்சியமாக விட முடியாது. 2009-இன் விதிமாற்றத்தில், ஹோண்டா கைவிட்ட அணியை வாங்கிய பிரான் கடைசி வரிசை எண்களான 22, 23-இல் இறங்கியது. 22-இல் ஓடிய ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். மற்ற அணிகள் எட்டிப் பிடித்துவிட, அதற்குப் பிறகு அவரால் ஒன்றைக்கூட வெல்ல முடியவில்லை. சேர்த்துவைத்த புள்ளிகளே அவரை உலகச் சாம்பியன் ஆக்கின. 2014-இல் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர் கேட்டு வாங்கியதும் 22-தான்.